பார்க்கிறவர் வேறு, கொடுக்கிறவர் வேறு

காரைக்குடி செக்காலை ரோட்டில் உட்கார்ந்து வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மரக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி என்று இருந்த என் வாடிக்கையாளர் பட்டியலில் கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. சமையல் வீடியோ போடுகிறவர், இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறவர், ஷேர் மார்க்கெட் வகுப்பு எடுக்கிறவர், டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் விற்கிறவர். 2025-இல் வருமான வரிப் படிவத்தில் சமூக ஊடகத்தில் சம்பாதிக்கிறவர்களுக்கென்று 16021 என்று தனிக் குறியீட்டு எண்ணே வந்துவிட்டது. இதுவும் ஒரு தொழில்தான் என்று சர்க்கார் ஒத்துக்கொண்டாயிற்று.

வருகிற பையன்கள் வரியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறார்கள். "சார், எந்த சப்ஜெக்ட் எடுத்தா ஓடும்? எதுல காசு இருக்கு?" இதை ஏன் வரிக்காரனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றும். யோசித்தால் நியாயம்தான். ஒருவர் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவர் பாஸ்புக்கில் என்ன ஏறியது, செலவு போக என்ன நின்றது என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். சில பேர் விஷயத்தில் அவருக்கே தெரியாது. மார்ச் முடிந்து நான் ஐந்தொகை போட்டுச் சொன்னால்தான் தெரியவரும். செல்போன் திரையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது பிரபலம், எது லாபம் என்று ஊரில் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி, தப்பான எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவது.

சமையலையே எடுத்துக்கொள்வோம். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் வயல்வெளியில் அண்டா ஏற்றிச் சமைத்து வீடியோ போட ஆரம்பித்தார்கள். அதுதான் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021 தொடக்கத்தில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. முதல்வர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். உழைத்து மேலே வந்தவர்கள், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எத்தனை கண்மாய்க்கரையில் அண்டா ஏறியது என்று நினைக்கிறீர்கள்! முழு ஆட்டை வாட்டினார்கள், கூடை கூடையாக முட்டை உடைத்தார்கள். கறி, விறகு, கேமராப் பையன் சம்பளம், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் கைக்காசு போயிற்று. அவற்றில் பல சேனல்களைத் தேடிப் போய்ப் பார்த்தால் கடைசி வீடியோவின் தேதி என்றைக்கோ நின்றுபோயிருக்கும். அண்டா திரும்ப வாடகைப் பாத்திரக் கடைக்கே போய்விட்டது. (கடைக்காரரும் என்னிடம்தான் கணக்கு எழுதுகிறார். அவருக்கு அது நல்ல வருஷம்.)

நின்றுபோன சேனலை யூடியூப் யாருக்கும் எடுத்து முன்னால் வைக்காது. ஓடுகிற நாலைந்துதான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நாலைந்தைப் பார்த்துவிட்டு ‘சமையலுக்கு நல்ல மவுசு’ என்று ஒருவன் முடிவு செய்கிறான். மவுசு இருப்பது உண்மைதான். அது யாருக்கு, எவ்வளவு, எத்தனை பேருக்கு நடுவில் பங்கு போகிறது என்பது அந்தத் திரையில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சமையல் வீடியோ பார்க்கிறவர் பணம் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் விளம்பரம் தருகிற கம்பெனிக்காரர். நீளமான வீடியோவில் வருகிற விளம்பரப் பணத்தில் யூடியூப் 55 சதவீதத்தை வீடியோ போட்டவருக்குக் கொடுக்கிறது. சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தத் தொகையில் சதவீதம் என்பதில்தான் விஷயம். விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. டீமேட் கணக்கு, இன்ஷூரன்ஸ், வீட்டுக்கடன் விற்கிற கம்பெனிக்கு ஓர் ஆள் சிக்கினால் வருஷக்கணக்கில் வரவு. அவன் ஏலத்தை ஏற்றிக் கேட்பான். மசாலாப் பொடி பாக்கெட் விற்கிறவன் எவ்வளவுதான் ஏற்றுவான்? அதனால்தான் நிதி, கடன், சொத்து பற்றிப் பேசுகிறவருடைய ஒரு பார்வையும் சாம்பார் வைக்கிறவருடைய ஒரு பார்வையும் பாஸ்புக்கில் ஒரே விலைக்குப் போவதில்லை. பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் சேரும். சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ உட்கார்ந்து பார்க்கிற தமிழருக்குக் காட்டும் விளம்பரத்தின் விலை வேறு, மானாமதுரையில் பார்க்கிறவருக்குக் காட்டும் விலை வேறு. அமெரிக்காவில் பார்த்தவர்களால் வருகிற பங்கில் 2021 ஜூனிலிருந்து அந்த நாட்டு வரியையும் பிடிக்கிறார்கள். படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தால் இந்தியருக்கு 15 சதவீதம். நிரப்பாமல் விட்டால் கூடுதலாகப் போகும். நிரப்பாமல் விட்டுவிட்டு "வியூஸ் ஏறுது, டாலர் இறங்குதே சார்" என்று வந்து நிற்கிறவர்கள் உண்டு.

கூட்டமும் காசும் ஒன்றாகப் போகாது என்பதற்குக் குழந்தைப் பாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவே ‘பேபி ஷார்க்’ என்ற குழந்தைப் பாட்டுதான். ஒரு குழந்தை சாப்பிட வேண்டுமானால் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும், எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்த வழக்கில் 2019-இல் கூகுள் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. அதைத் தொடர்ந்து, குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் ஆளைப் பார்த்துக் காட்டுகிற விளம்பரத்தை 2020 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆளைப் பார்த்துக் காட்டுகிற விளம்பரத்துக்குத்தான் விலை அதிகம். உலகத்திலேயே பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் டிக்கெட் விலை குறைந்துபோயிற்று.

எண்ணிக்கையாவது உண்மையா என்றால், அதற்கும் விளக்கம் வேண்டியிருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கு வைக்கிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் ஒன்று, திரும்ப ஓடினாலும் இன்னொன்று. வருமானத்துக்கு மட்டும் பழையபடி, நின்று பார்த்த பார்வையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் மாதம் எண் திடீரென்று ஏறியதைப் பார்த்து, சேனல் பிடித்துக்கொண்டது என்று புதுக் கேமரா தவணையில் எடுத்தவரை எனக்குத் தெரியும். ஷார்ட்ஸில் பங்கும் 45 சதவீதம்தான், அதுவும் எல்லோருடைய விளம்பரப் பணத்தையும் ஒரே பானையில் கொட்டிப் பிரித்துக் கொடுப்பது.

அடுத்தது டிஎன்பிஎஸ்சி. கூட்டத்துக்குக் குறைவில்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஒரு மாநிலத்தில் ஒரே தேர்வுக்கு இத்தனை பேர் படிக்கிறார்கள் என்றால் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தாலே எவ்வளவு என்று கால்குலேட்டரைத் தட்டுகிறவர்கள் வருவார்கள். தட்டலாம். ஆனால் அந்த 20 லட்சம் பேரில் பெரும்பாலோர் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், வீட்டில் அப்பா கொடுக்கும் பஸ் காசில் நூலகத்துக்குப் போகிறவர்கள். ஒருவர் காசு கொடுத்து நோட்ஸ் வாங்கினால் ராத்திரிக்குள் அது டெலிகிராம் குழுக்களில் எல்லோருக்கும் வந்துவிடும். அறிவிப்பு வந்தால் பார்வை எகிறும், தேர்வு முடிந்த மறுநாள் கடை காலி. தேர்வில் ஜெயித்தவர் திரும்ப வரமாட்டார், தோற்றவர் உங்களை நம்பமாட்டார். இந்தத் துறையில் நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நோட்ஸ் விற்பதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு வைத்து, தாளைத் திருத்தி, யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். திருத்திய தன் தாளையும் தன் இடத்தையும் டெலிகிராமில் யாரும் இலவசமாகக் கொடுக்க முடியாதல்லவா? அவர் சேனலுக்குப் பார்வை சொற்பம்.

ஷேர் மார்க்கெட்டுக்கு வருவோம். விளம்பர விலை அதிகம் என்று மேலே சொன்ன துறை. தமிழில் இதற்கு இருக்கிற ஆர்வத்தைப் பார்த்தால், வீட்டுக்கு ஒருவர் வியாபாரம் செய்து சம்பாதிக்கிறார் என்று தோன்றும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அப்புறம் எங்கே இருக்கிறது லாபம்? வகுப்பில் இருக்கிறது. கட்டணம் கட்டி உட்கார்ந்தவர்களில் நிறையப் பேருக்கு நான் நஷ்டக் கணக்குத்தான் எழுதுகிறேன். கற்றுக்கொடுத்தவர் கணக்கில் வியாபாரத்தில் வந்த வரவைவிடக் கட்டண வரவு பல மடங்கு இருக்கும். 2024 ஆகஸ்டில் செபி, தன்னிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் பதிவில்லாத ஆலோசகர்களோடு கூட்டு வைக்கக் கூடாது என்று விதியே போட்டது. பிரபலம்தான், லாபம்தான், இரண்டும் உண்மைதான். வாங்குகிறவனுக்கு அதில் எதுவும் இல்லை.

இந்த மாதிரி ஒன்றை நாம் செல்போன் இல்லாமலே பார்த்திருக்கிறோம். பெருந்துறை ஈமு வளர்ப்புத் திட்டம். டிவியைத் திறந்தால் அந்தப் பறவைதான். இறைச்சிக்கு, எண்ணெய்க்கு, தோலுக்கு ஏகப்பட்ட தேவை என்றார்கள். 2012-இல் அது கவிழ்ந்தபோது பார்த்தால், ஈமுக் கறி தின்கிறவனைக் கொங்கு மண்டலத்தில் தேட வேண்டியிருந்தது. பணம் போட்டவர்களெல்லாம் ஈமு வளர்க்க வந்தவர்கள். ஈமுவுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளன் அடுத்து ஈமு வளர்க்க வருகிறவன். ‘ஆன்லைனில் மாதம் லட்சம் சம்பாதிப்பது எப்படி’ என்கிற வகுப்பு, ‘சேனல் வளர்ப்பது எப்படி’ என்கிற வகுப்பு, ‘வீட்டிலிருந்தே சேலை ரீசெல்லிங்’ வகுப்பு எல்லாவற்றையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் பார்க்கிறேன்: தொழிலுக்குள் வர ஆசைப்படுகிறவர்களைக் கழித்துவிட்டால் காசு கொடுக்க யார் மிச்சம்? பதில் ‘யாருமில்லை’ என்றால் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கொஞ்சம் படித்த பையன்கள் ஊர்ப் பேச்சை நம்புவதில்லை, புள்ளிவிவரத்தோடு வருகிறார்கள். ஒருவன் லேப்டாப்பைத் திறந்து கூகுள் ட்ரெண்ட்ஸ் வரைபடம் காட்டினான். "அதிரசம் நூறைத் தொட்டிருக்கு சார்." தீபாவளி வாரத்தில் தொட்டிருந்தது. அந்த 100 எதனுடைய எண்ணிக்கையும் கிடையாது. நீங்கள் பார்க்கிற காலத்தில் எப்போது உச்சமோ அதை 100 என்று வைத்து மற்றதை அதற்குக் கீழே வரைகிறார்கள். ஆயிரம் பேர் தேடும் சொல்லும் 100 தொடும், பத்து லட்சம் பேர் தேடும் சொல்லும் 100 தொடும். அதோடு, தேடியவர்கள் என்ன தேடினார்கள்? அதிரசம் செய்வது எப்படி, பாகு பதம் என்ன, எண்ணெயில் போட்டால் ஏன் பிரிந்துபோகிறது. வீட்டில் செய்கிறவர்கள் அவர்கள். வாங்குகிறவர் இதையெல்லாம் ஏன் தேடப்போகிறார்? அவர் ‘கானாடுகாத்தான் ஆச்சி கைப்பக்குவம் நம்பர் இருக்கா’ என்று தங்கைக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். அந்தத் தேடலை கூகுள் எண்ணுவதே இல்லை.

இன்னொரு வேடிக்கை கீவேர்டு பிளானர். விளம்பரம் கொடுப்பவர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் கருவி. அதில் ‘போட்டி’ என்று ஒரு பத்தி இருக்கும். ‘குறைவு’ என்று போட்டிருந்தால் நம் ஆட்களுக்குக் குஷி, ஆளில்லாத துறை கிடைத்துவிட்டது என்று. அந்தப் பத்தி சொல்வது விளம்பரதாரர்களுக்கு நடுவில் இருக்கிற போட்டியை. குறைவு என்றால், அந்தச் சொல்லைத் தேடுகிறவனுக்காகக் காசு செலவழிக்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை என்று பொருள் வரலாம். ஆளில்லாத கடை என்பதற்கும் ஆளில்லாத சந்து என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

பொருள் விற்கிறவர்கள் பாடு வேறு. இங்கே பார்க்கிறவரே கொடுக்கிறவர். அதனால் கணக்கு நேராக இருக்கும் என்று நினைப்பார்கள். ஒரு தங்கச்சி, இன்ஸ்டாகிராமில் செட்டிநாடு காட்டன் சேலை விற்கிறது. (கைத்தறிக் கண்டாங்கி இல்லை. அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் ‘செட்டிநாடு காட்டன்’ என்று தேடி வருகிறவர்கள் எதிர்பார்க்கும் விலைக்கு அது கட்டாது.) ஜூலையில் அந்தப் பெண்ணின் வருடாந்திரத் தகவல் அறிக்கையை இறக்கிக் காட்டினேன். ஒரு விற்பனைத் தளம், தன் வழியாக நடந்த மொத்த விற்பனையை வரித்துறைக்குச் சொல்லி, வரியும் பிடித்திருந்தது. தொகையைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய், "அண்ணே, இவ்வளவா நான் சம்பாதிச்சேன்? அப்ப காசு எங்க போச்சு?" என்று கேட்டது.

எங்கே போகும்? காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சேலை 900 ரூபாய், கொள்முதல் 620 என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆர்டர் வருகிறது, எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. இரண்டு திரும்பி வந்துவிடுகிறது. கதவைத் திறக்காதவர் ஒருவர், ‘போட்டோவில் கலர் வேறு’ என்பவர் இன்னொருவர். எட்டு சேலையில் வருகிற லாபம் 2,240. கூரியர் ஒன்றுக்கு 70 வீதம் பத்துக்கு 700, திரும்பி வந்த இரண்டுக்கு இன்னும் 140. கவர், அட்டை, டேப் என்று 150. ஓர் ஆர்டர் பிடிக்க இன்ஸ்டாவுக்குக் கட்டும் விளம்பரக் காசு 100 வீதம் 1,000. ஆக 1,990. மிச்சம் 250 ரூபாய். திரும்பி வந்த சேலையில் ஒன்றில் மஞ்சள் கறை இருந்தால் அந்த 620-உம் போய், கையில் இருந்து 370 போட வேண்டும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ‘விலை என்ன சிஸ்’ என்பவர்களுக்குப் பதில் போட்ட கூலியை இதில் நான் சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணின் ஸ்டேட்டஸில் இருந்ததோ விற்பனை 7,200 என்கிற ஸ்கிரீன்ஷாட். அதைப் பார்த்துவிட்டு அதே தெருவில் இன்னும் இரண்டு பேர் சேலை எடுக்க ஈரோட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

வீடியோ போடுகிறவர்களுக்கு விளம்பரதாரர் இலவசமாக அனுப்பும் மிக்ஸி, குக்கர் சமாசாரம் தனி. 2022 ஜூலையிலிருந்து வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் கொடுப்பவர் 10 சதவீத வரி கட்டியாக வேண்டும், வாங்கியவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். ‘கம்பெனி நம்மளத் தேடி வருது’ என்ற பெருமையில் வீடு முழுக்க மிக்ஸி நிற்கும். வரி கட்ட மட்டும் ரூபாய் வேண்டும்.

சின்னத் துறையில் சத்தமில்லாமல் சம்பாதிக்கிறவர்களும் இந்த மேசைக்கு வருகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் வியாபாரம் செய்கிற ஒருவர், செட்டியார் வீடுகளில் பர்மா காலத்தில் வந்து இறங்கிய எனாமல் தூக்குகளையும் அடுக்குகளையும் படமெடுத்துப் போடுகிறார். அவரைத் தொடர்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் பெங்களூரு கட்டடக் கலைஞர்கள், ஹோட்டல் அலங்காரம் செய்கிறவர்கள், சேகரிக்கிற பைத்தியங்கள். போட்டோ போட்ட அன்றைக்கே முன்பணம் வந்துவிடும். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி, கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து அனுப்புகிறார்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆர்டர். பத்து வீடியோவுக்கு மேல் அவர்களிடம் கிடையாது, அதுவும் பேத்தி எடுத்தது. ஆனால் பேரேட்டைப் புரட்டினால் ஒரே பெயர் தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஆடி பதினெட்டுக்கு, அந்த வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் அதற்கு என்று திரும்பத் திரும்ப வரும். ஒரு துறை பிடித்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அதே ஆள் இரண்டாவது முறை காசு கொடுத்தாரா?

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அடுத்தவர் பேரேடு கிடைக்காது, சரி. அப்போதும் பார்ப்பதற்கு வேறு இருக்கிறது. ஒரு சேனலில் அதிகம் ஓடிய வீடியோவை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற சாதாரண வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கலாம். கீழே எழுதியிருப்பவர்கள் ‘சூப்பர் அண்ணா’ என்கிறார்களா, ‘எங்கே கிடைக்கும், கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா’ என்கிறார்களா என்று பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓடும் விளம்பரங்களை மெட்டா நிறுவனம் ஆட் லைப்ரரி என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒரு விளம்பரம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்றும் அதிலேயே இருக்கும். மாதக்கணக்கில் ஒரே விளம்பரத்தை ஒருவர் ஓட்டுகிறார் என்றால், போட்ட காசு திரும்பி வருவதால்தான் ஓட்டுவார். சொந்தக் காசை யாரும் அத்தனை நாள் எரிக்கமாட்டார்கள். எந்தப் பேட்டியையும்விட நான் அந்தத் தேதியை நம்புவேன்.

பேட்டி என்றதும் பத்திரிகைக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஐடி வேலையை விட்டுவிட்டு வீடியோவில் மாதம் லட்சம்’ என்று நீங்கள் போடும் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த லட்சம் விற்பனையா, வரவா, செலவு போன மிச்சமா? ஒரு மாதம் வந்ததா, பன்னிரண்டு மாதமும் வருகிறதா? கேமரா பிடிக்கிற மனைவிக்கும் எடிட் செய்கிற தம்பிக்கும் சம்பளம் எழுதினால் என்ன நிற்கும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் தொகையை அச்சடிக்காதீர்கள். அரிசி மண்டிக்காரரைப் பேட்டி கண்டால் மூட்டை எண்ணிக்கையை லாபம் என்று போடுவீர்களா? கல்லூரிகளில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ பட்டறை நடத்துகிறவர்களுக்கும் இதே கோரிக்கை. அங்கே போய்விட்டு வந்த பிள்ளைகள் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கேமரா வாங்குகிறார்கள். அடகு வட்டி மாதாமாதம் ஏறுகிறது. கூகுளிடமிருந்து வரவேண்டியது 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். பல சேனல்களுக்கு அந்த 100 சேரவே மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் 1,000 சந்தாதாரர், ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வை என்று வாசற்படி வேறு இருக்கிறது.

ஆசைக்குச் செய்கிறவர்களை நான் தடுப்பதில்லை. ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர் செல்போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்புகழுக்கு உரை சொல்கிறார். பார்க்கிறவர் கொஞ்சம், வருமானம் பூஜ்யம், மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார். கடனும் இல்லை, ஐந்தொகையும் வேண்டாம்.

காசுக்காகச் செய்கிறேன் என்று வருகிறவனிடம் மட்டும் கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை சொல்கிறேன். நீ விற்கப்போவதற்கு முன்பணம் கொடுக்கச் சம்மதிக்கிற பத்துப் பேரை எழுதிக்கொண்டு வா, லைக் போடுகிறவர்கள் வேண்டாம், ஜிபேயில் நூறு ரூபாய் அனுப்புகிறவர்கள். மாடித்தோட்டத்துக்கு நாட்டு விதை விற்கப்போகிறேன் என்று போன பையன் பத்து நாள் கழித்து வந்தான்.

"நாலு பேர்தான் சார் கொடுத்தாங்க."

"யார் யார்?"

"ரெண்டு பேர் சித்தப்பா பசங்க."

"மத்த ரெண்டு?"

"ஒருத்தர் தேவகோட்டைல டீச்சர். இன்னொருத்தர் யாருன்னே தெரியல சார், திருப்பத்தூர்க்காரர். சுரைக்காய் விதை இன்னும் அஞ்சு பாக்கெட் வேணும்னு நேத்து மறுபடி அனுப்பிட்டார்."

சித்தப்பா பையன்கள் பெயரை அடித்துவிட்டு, மீதி இரண்டு பெயரையும் புது நோட்டில் ஏற்றச் சொன்னேன்.